தங்கை எழுதிய ‘தேறவில்லை’

போன வாரம் பெரியவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். வெள்ளைப் பாட்டிலைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்து, பெரிய ஆய்வகத்துக்குப் போகும் வேனில் ஏற்றிவிட்டு, வேன் மூலை திரும்பி மறைந்த பிறகும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாளே, அதே வாசல். ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நம்மில் சிலருக்கும்தான் என்று கேள்வி.

இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பெரியவளும் சின்னவளும் அக்கா தங்கை. இரண்டு பேருக்கும் ஆய்வகத்தில்தான் வேலை. பெரியவளுடையது நாற்றுப் பண்ணைச் சங்கத்துக் கொட்டகையின் பின்னால் இரண்டே அறை. தக்காளியும் மிளகாயும் போடுகிறவர்கள் இலையைப் பறித்துக்கொண்டு வந்து ஜன்னலில் நீட்டினால், நாற்றில் நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வாள். சின்னவளுடையது ஐந்து மாடிக் கட்டடம். அடையாள அட்டை இல்லாமல் கொசுகூட உள்ளே நுழைய முடியாது.

இலையில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்க்க முதலில் இலைச்சாற்றிலிருந்து டி.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கென்று கடையில் கிட் விற்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது சிலிக்கா, மணலுக்கு ஒன்றுவிட்ட உறவு. விலையோ யானை விலை. சங்கத்தால் வாங்கி மாளவில்லை. கிட் தீர்ந்த மாதங்களில் பெரியவள் இலைகளைப் பார்க்காமலே திருப்பி அனுப்பினாள். நோய் பிடித்த நாற்றை நட்டுவிட்டுத் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் முகத்தில் விழிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நாமே செய்தால் என்ன என்று ஒரு நாள் இறங்கிவிட்டாள். அவள் கணவர் டைல்ஸ் கம்பெனியில் மேல்பூச்சுப் பிரிவில் இருக்கிறார். அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் வெள்ளைப் பொடி கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்காதான். மேனேஜரிடம் கேட்டு ஒரு பை வாங்கி வந்தார். பெரியவள் அதைத் தண்ணீரில் கலக்கிப் படியவிட்டாள். விறுவிறுவென்று அடியில் போய் உட்கார்ந்த பருமனையும் வேண்டாம் என்றாள், மேலேயே மிதந்து மினுக்கிய தூசியையும் வேண்டாம் என்றாள். நடுவில் நிதானமாக இறங்கியதை மட்டும் எடுத்து அமிலத்தில் கொதிக்க வைத்து, அமிலம் போகும்வரை கழுவி, மறுபடி தண்ணீரில் கலந்து பாட்டிலில் அடைத்தாள். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். வீட்டிலும் அதற்குப் ‘பால்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பாலைத்தான் பெரிய ஆய்வகம் பரீட்சை வைக்கிறது. தேறினால் சின்னச் சின்ன ஆய்வகங்கள் எல்லாம் அதையே செய்து பயன்படுத்த அனுமதி உண்டு. தேறாவிட்டால் அடுத்த வருஷம் வரை வாயைத் திறக்க முடியாது. சங்கத்தில் கிட் வாங்கக் கையிருப்பும் இல்லை. அதற்குள் ஆய்வகத்தையே பூட்டும்படி ஆகிவிடும்.

பரீட்சை வைக்கிறவள் யார் என்பதில்தான் போன வாரக் கதை நின்றது.

*

மேஜைமேல் மூன்று பாட்டில்கள். யார் செய்தது என்று பெயர் கிடையாது. அ, ஆ, இ என்று ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் சின்னவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். ‘இ’ பாட்டிலோடு வந்த செய்முறைத் தாளில், “குலுக்கினால் பால் மாதிரி வர வேண்டும். தண்ணீர் கலந்த பால் மாதிரி வந்தால் இன்னும் குலுக்கவும்” என்று இருந்தது. இந்த உலகத்தில் ஒரு செய்முறைத் தாளை அப்படி எழுதக்கூடியவள் ஒருத்திதான்.

நேரே தலைமையிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாளுக்கு ஐந்து மாடியிலும் ‘ரூல்ஸ் மேடம்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை.

“மேடம், ‘இ’ எங்க அக்காவோடது. வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க.”

ரூல்ஸ் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த டெஸ்ட் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா? ஒருத்தி பிரசவத்துக்குப் போயிட்டா. ஒருத்தர் கையில கட்டுப் போட்டுக்கிட்டு நிக்கறார். உன்னால நியாயமா செய்ய முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு.”

“முடியும் மேடம்.”

“அப்ப நல்லாக் கேட்டுக்கோ. தாள்ல இருக்கறதைச் செய். இல்லாததைச் செய்யாதே. நாளைக்கு எங்கயோ ஒரு மூலையில ஒருத்தர் இந்தத் தாளை மட்டும் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். அவர்கிட்ட உங்க அக்கா போன் நம்பர் இருக்காது. முடிவு கையெழுத்தாகற வரைக்கும் உன்கிட்டயும் அந்த நம்பர் இல்லைன்னு வெச்சுக்கோ.”

“சரி மேடம்.”

“குறை இருந்தா எழுதலாம். பதிலை எழுதக் கூடாது.”

அது அன்றைக்கு. ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை சோதிக்க வேண்டும் என்பது விதி. இன்றைக்குக் கடைசி முறை.

சின்னவள் ‘இ’ பாட்டிலைக் குலுக்கினாள். பால் மாதிரியேதான் வந்தது. ஒரு கட்டி இல்லை, ஒரு மணல் இல்லை. ‘அ’ பாட்டில் பருமனாக இருந்து பைப்பெட் முனையை அடைத்துக்கொண்டது. ‘ஆ’ பாட்டில் படியவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அக்காவின் பால்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. எத்தனை தடவை படியவிட்டிருப்பாள், எத்தனை வாளி தண்ணீர் மாற்றியிருப்பாள் என்று நினைத்தபோது சின்னவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கீழ் மாடித் தோழியிடம் பெருமையடித்துக்கொள்ளக்கூட வழியில்லை. விதி.

இலையை அரைத்து உப்புக் கரைசலில் கரைத்தாள். பாலைச் சேர்த்தாள். டி.என்.ஏ. வெள்ளைத் துகள்களைப் போய் ஒட்டிக்கொண்டது. ஆல்கஹாலில் கழுவினாள், அழுக்கெல்லாம் போயிற்று. இனி மிச்சம் ஒரே வேலை. துகள்கள் பிடித்து வைத்திருப்பதைத் தண்ணீரில் இறக்க வேண்டும்.

தாளில் இருந்தது இதுதான்: “சுத்தமான தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுழற்றி, மேலே தெளிந்ததை எடுக்கவும்.”

இந்த ஆய்வகத்தில் சுத்தமான தண்ணீர் ஃப்ரிட்ஜில் இருக்கும். சின்ன பாட்டிலை எடுத்தாள். கையுறைக்குள்ளேயே விரல் சில்லிட்டது.

அவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, கடையில் வாங்கின கிட்டின் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, கடைசித் தண்ணீரைச் சூடாக்கிச் சேர்க்கவும் என்று. சூடான தண்ணீருக்கு டி.என்.ஏ. சட்டென்று பிடியை விடும். சில்லென்று ஊற்றினால் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். அக்காவின் ஆய்வகத்துக்குப் போன வருஷம் போயிருந்தபோது தண்ணீர் பாட்டில் எங்கே இருந்தது என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

சூடாக்கும் மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதில், ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே செய்துவரும் கடைக் கிட்டின் தண்ணீர் ஏற்கெனவே சூடாகிக்கொண்டும் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அதே மெஷினில் இந்தப் பாட்டிலையும் கொஞ்ச நேரம் வைத்தால் அக்கா தேறிவிடுவாள்.

சின்னவள் மெஷினைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். வாய்விட்டு, “அக்கா, உனக்கு ஒரு வார்த்தை எழுத வலிச்சுதா?” என்று தாளைத் திட்டினாள். பிறகு சில்லென்றிருந்த தண்ணீரையே ஊற்றினாள்.

இறங்கிய டி.என்.ஏ.வை ஜெல் தகட்டில் ஏற்றி நீல விளக்கின் அடியில் பார்த்தால் கோடாகத் தெரியும். அப்படிப் பார்த்தபோது, கிட் போட்ட இடத்தில் கோடு பளிச்சென்று நின்றது. ‘இ’ போட்ட இடத்தில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய ஒரு நிழல். முதல் இரண்டு முறையும் அப்படித்தான். மூன்றாவது முறையும் அப்படித்தான்.

முடிவுத் தாளில் ‘தேறவில்லை’ என்று எழுதினாள். குறை என்ற இடத்தில், “சேர்க்க வேண்டிய தண்ணீர் எப்படிப்பட்டது என்று செய்முறையில் இல்லை” என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அப்புறம் கை கழுவும் இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

ரூல்ஸ் மேடம் தாளை இரண்டு முறை படித்தார். “இது குறையா, பதிலா?”

“குறைதான் மேடம்.”

“ம்.” அவர் சின்னவளின் சிவந்த கண்ணைப் பார்த்தார். அதைப் பற்றி விதி எதுவும் இல்லாததால் ஒன்றும் சொல்லவில்லை. “அனுப்பிடு. குறை சுட்டப்பட்டவங்களுக்கு இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குன்னும் சேர்த்து எழுது. தாளைத் திருத்திக் கொண்டுவந்தா இன்னொரு தடவை பார்க்கணும். அது ரூல்ஸ்.”

*

முடிவு கம்ப்யூட்டரில் வந்து விழுந்த நேரம், பெரியவளின் அம்மா சாப்பாட்டு டப்பாவோடு ஆய்வகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கு டி.என்.ஏ. தெரியாது. மகள்களின் முகம் தெரியும்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

“தேறலம்மா.”

அம்மா டப்பாவை வைத்தார். “யாரு சொன்னது?”

பெரியவள் திரையில் விரலை வைத்தாள். கீழே இருந்த கையெழுத்து அம்மாவுக்கு ஒண்ணாம் வகுப்பிலிருந்து பழக்கம்.

“சின்னவளா?”

“ம்.”

“அவளா போட்டா? தேறலைன்னு? அவளே?” அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், இனிமேல் நின்றுகொண்டு பேசுகிற விஷயம் இல்லை என்பதுபோல. “அவ காலேஜ் போக நீ உன் வளையலைக் கழட்டிக் கொடுத்தியே, அவளா? கூடப் பிறந்தவளுக்குக் கொஞ்சம் கைதாராளமா போட்டாத்தான் என்ன? குறைஞ்சா போயிடுவா?”

“இது பரீட்சைம்மா. கைதாராளம் எல்லாம் இல்ல.”

சொல்லிவிட்டாளே தவிர, பெரியவளுக்கும் மனசு ஆறவில்லை. வேறு யாராவது போட்டிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். தங்கை போட்டதை யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு வருஷ உழைப்பு. கோபம் வந்தது, அவமானமாக இருந்தது, ரொம்பவே வலித்தது.

“குறைன்னு என்னவோ எழுதியிருக்காளே, அது என்ன?” என்றார் அம்மா.

“தண்ணி எப்படிப்பட்டதுன்னு இல்லையாம்.”

“தண்ணி எப்படிப்பட்டதா? தண்ணி தண்ணி மாதிரிதான் இருக்கும். என்ன கேள்வி இது.”

பெரியவளும் அதையேதான் நினைத்தாள். சுத்தமான தண்ணீர் என்று எழுதியிருக்கிறதே, இதற்கு மேல் என்ன எழுதுவது? நம் தண்ணீருக்கு என்ன கேடு என்று எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்தாள்.

அவளுடைய ஆய்வகத்தில் மேஜை ஒன்றுதான். அலமாரிப் பலகை இந்தப் பாலைச் செய்யத் தொடங்கும் முன்பே இற்று விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தண்ணீர் பாட்டிலை இன்குபேட்டர் தலையில்தான் வைப்பாள். இன்குபேட்டரோ வயசான மெஷின், உள்ளே இருக்க வேண்டிய சூட்டில் பாதியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பாட்டில் பிள்ளைக்குக் குளிக்க ஊற்றுகிற பதத்தில் இருந்தது. எந்த நாளும் அப்படித்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் பச்சைத் தண்ணீரைத் தொட்டதே இல்லை.

அவள் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, என் தண்ணி சுடுது.”

“சுட்டா ஆற வை.”

“இல்லம்மா. சுடறதாலதான் இங்க டி.என்.ஏ. வந்திருக்கு. அங்க அவங்க ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்தியிருக்காங்க. நான் சூடான தண்ணின்னு எழுதவே இல்ல. எனக்கே தெரியாதே, எப்படி எழுதுவேன்?” பெரியவள் சட்டென்று நிறுத்தினாள். “ஆனா அவளுக்குத் தெரியும்.”

“யாருக்கு?”

“சின்னவளுக்கு. போன வருஷம் இங்க வந்தப்ப, ‘என்னக்கா தண்ணியைக் கொண்டுபோய் அடுப்பு மேல வெச்சிருக்க’ன்னு கேட்டா. அவளுக்கு எல்லாம் தெரியும்மா. தெரிஞ்சேதான் பச்சைத் தண்ணி ஊத்தியிருக்கா.”

“அப்ப இன்னும் மோசம்” என்று அம்மா தீர்ப்பு சொன்னார்.

“நீ கேளும்மா. அவ ரகசியமா சுட வெச்சு எனக்குப் பாஸ் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? எல்லா ஊர் லேபுக்கும் இந்தத் தாள் போயிருக்கும். ஆளாளுக்குப் பச்சைத் தண்ணி ஊத்தியிருப்பாங்க. ஒண்ணும் வராது. என் பாலைக் கொண்டுபோய் சாக்கடையில கொட்டியிருப்பாங்க. அதுக்கப்புறம் யாரு திரும்பிப் பார்ப்பா?”

அம்மா மகளை ஏறிட்டுப் பார்த்தார். பெரியவளின் முகத்தில் அழுகை போன இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்திருந்தது. இந்த முகமும் அம்மாவுக்குத் தெரியும். சின்னவள் முதன்முதலாகச் சைக்கிளில் தனியாகப் போய்த் திரும்பி வந்த அன்று பெரியவளுக்கு இருந்த முகம்.

“சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. உன் மாப்பிள்ளையை எழுப்பு” என்றாள் பெரியவள்.

*

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி, முகம்கூடச் சரியாகக் கழுவவிடாமல் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்துக் கையுறை மாட்டினார்கள்.

“எனக்கு டைல்ஸுக்குப் பூச்சுப் பூசத்தான் தெரியும்” என்றார் அவர்.

“அதான் வேணும். உங்களுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது” என்றாள் பெரியவள்.

“இதுக்கு முன்னாடி நான் இதுக்காகப் பாராட்டு வாங்கினதே இல்ல.”

ஏற்பாடு இதுதான். அம்மா தாளைப் படிப்பார். மாப்பிள்ளை காதில் விழுந்ததைச் செய்வார். பெரியவள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள், வாயைத் திறக்கக் கூடாது. அவள் வாயைத் திறந்துதானே இத்தனை நாள் எல்லாம் நடந்திருக்கிறது. தாள் தனியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“குலுக்கவும்” என்று படித்தார் அம்மா. மாப்பிள்ளை குலுக்கினார். பால் வந்தது. இலைச்சாறு, உப்புக் கரைசல், பால், எல்லாம் சேர்ந்தது. மெஷினில் வைத்துச் சுழற்றினார். வெள்ளை அடியில் படிந்தது.

“மேலே இருப்பதைக் கொட்டவும்.”

அவர் ட்யூபைத் தலைகீழாகக் கவிழ்த்து நன்றாகத் தட்டியும்விட்டார். வெள்ளையும் சேர்ந்து போய்விட்டது. பெரியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் தப்பா செஞ்சேனா?”

“தாள்ல இருந்ததைத்தான் செஞ்சீங்க மாப்பிள்ளை” என்று அம்மா அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். “அடியில இருக்கற வெள்ளையை விட்டுட்டுக் கொட்டணும்னு எழுதுடி. எங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்?”

பெரியவள் எழுதினாள். அடுத்த ட்யூப். இம்முறை வெள்ளை தப்பித்தது. ஆல்கஹாலில் கழுவியாயிற்று.

“உலர விடவும்.”

“எவ்வளவு உலரணும் அத்தை? எங்க கம்பெனியில ஈரம் போனாலும் உலர்ந்ததுன்னுதான் சொல்வோம், வெடிச்சுப் போனாலும் ரொம்ப உலர்ந்ததுன்னுதான் சொல்வோம்.”

பெரியவள் ‘ஆல்கஹால் வாசனை போகும்வரை, அதற்கு மேல் வேண்டாம்’ என்று எழுதினாள்.

“சூடான சுத்தமான தண்ணீர் சேர்த்துக் கலக்கவும்.” புதிதாக எழுதிய வார்த்தையை அம்மா அழுத்திப் படித்தார். எந்த அளவு சூடு என்பதும் பக்கத்தில் இருந்தது. மாப்பிள்ளை ஊற்றினார், கலக்கினார். “சுழற்றவும்” என்று அம்மா அடுத்ததைப் படிக்கப் போனவர் நிறுத்திவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்த இடத்துல நீ எழுந்து போவியே?”

பெரியவளுக்குப் புரியவில்லை.

“நான் டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு எத்தனை நாள் பார்த்திருக்கேன். தண்ணியை ஊத்திட்டு, ‘ஒரு நிமிஷம்மா’ன்னு ஜன்னலுக்குப் போவ. இலை வாங்குவ, சீட்டு கொடுப்ப, அவங்க பொண்டாட்டி புள்ளையெல்லாம் விசாரிப்ப. சோறு ஆறிப் போகும். அதுக்கப்புறம்தான் வந்து மெஷின்ல வைப்ப.”

பெரியவள் மறுபடி பேனாவை எடுத்தாள். இரண்டு வருஷமாக அவள் காத்திருந்திருக்கிறாள். தான் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே காத்திருந்திருக்கிறாள். ‘ஐந்து நிமிடம் அப்படியே வைக்கவும்’ என்று எழுதியபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்மேல் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

நீல விளக்கைப் போட்டார்கள். டைல்ஸுக்குப் பூச்சுப் பூசுகிற கை எடுத்த டி.என்.ஏ. பளிச்சென்று ஒரு கோடாக நின்றது.

“இதுதானா?” என்றார் மாப்பிள்ளை, ஏமாற்றத்தோடு. “ஒரு கோட்டுக்கா இவ்வளவு அமர்க்களம்?” ஆனால் போனை எடுத்து அதை நாலு பக்கத்திலிருந்தும் படம் பிடித்துக்கொண்டார். கம்பெனியில் காட்ட வேண்டாமா?

*

பெரிய ஆய்வகத்தின் கவுன்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள், இந்தப் பக்கம் பெரியவள். பின்னால் ரூல்ஸ் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சொந்த விஷயம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேலை விஷயம் பேசலாம்.

“‘இ’ பாட்டிலுக்குத் திருத்தின செய்முறை கொண்டுவந்திருக்கேன், மேடம்” என்றாள் பெரியவள்.

பிறந்ததிலிருந்து ‘ஏண்டி’யைத் தவிர வேறெதுவும் கேட்டிராத சின்னவளுக்கு அந்த ‘மேடம்’ எங்கேயோ போய்த் தைத்தது. “கொடுங்க மேடம்” என்றாள். குரல் தேய்ந்திருந்தது. அக்கா கோபமாக இருக்கிறாளா என்று முகத்தைப் பார்க்கவும் பயம்.

“உங்க ரிப்போர்ட் கிடைச்சுது மேடம். குறை எழுதியிருந்தீங்க இல்லையா, அது ரொம்பச் சரியா இருந்துது.”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவள் முகத்தை அதிகாரி மாதிரி விறைப்பாக வைத்திருந்தாள், ஆனால் கண் சிரித்துக்கொண்டிருந்தது.

“அது எங்க வேலை மேடம்” என்றாள் சின்னவள். சீல் வைக்கும்போது இரண்டு முறை தவறான இடத்தில் வைத்தாள்.

பின்னால் நின்ற அம்மாவுக்கு இந்தக் கூத்தைப் பொறுக்க முடியவில்லை. “என்ன மாப்பிள்ளை, ரெண்டும் இப்படி மேடம் மேடம்ங்குது?” என்று முணுமுணுத்தார். “வீட்டுல ஒரு சோப்புக்கு அடிச்சுக்குங்க.”

திருத்திய தாளை அதே ஆள் சோதிக்கக் கூடாது என்பது விதி. வேறு ஆள் இல்லை என்பது நிலைமை. ரூல்ஸ் மேடம் தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் பைப்பெட்டைத் தொட்டுப் பல வருஷமாகிறது. ஐந்து மாடியிலும் செய்தி பரவி, ஆளாளுக்கு ஏதோ வேலை இருப்பதுபோல அந்த வராந்தாவில் நடந்தார்கள்.

மூன்று பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ரூல்ஸ் மேடம் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பது தெரிந்தது. கொட்டினார், வெள்ளையை விட்டுவிட்டுக் கொட்டினார். ட்யூபை முகர்ந்து பார்த்தார். சூடான தண்ணீரை ஊற்றிவிட்டு, ஐந்து நிமிடமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார். பெரியவளின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா அந்த முழங்காலைப் பிடித்து அழுத்தி வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. ரூல்ஸ் மேடம் கையில் ஜெல்லின் படம் இருந்தது. கிட் போட்ட கோடும் ‘இ’ போட்ட கோடும் பக்கத்தில் பக்கத்தில், எது எதுவென்று எழுதிக் காட்டாமல் சொல்ல முடியாதபடி நின்றன.

“தேறியாச்சு” என்றார். நின்றபடியே முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். “இந்தத் தாளை எங்க வீட்டு வாட்ச்மேன்கூட படிச்சுச் செஞ்சிடுவார். யாரு எழுதினது?”

“மூணு பேரும் சேர்ந்து” என்றாள் பெரியவள்.

“ம். கையெழுத்தாயிடுச்சு. இனிமே நீங்க பேசிக்கலாம்.”

பேசிக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சின்னவள் கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

“ஏண்டி, உனக்கு முதல்லயே தெரியும்ல?” என்றாள் பெரியவள்.

“தெரியும்.”

“சுட வைக்கணும்னு தோணல?”

“தோணுச்சுக்கா. கையில பாட்டிலை வெச்சுக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்.”

“அப்புறம்?”

“உன் பால் நல்ல பால்க்கா. திருட்டுத்தனமா தேற வேண்டியது இல்ல அது.”

பெரியவள் அவள் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள், வைத்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். அம்மா தன் பங்குக்குச் சின்னவளிடம் காலையிலிருந்து தேக்கி வைத்திருந்த திட்டையெல்லாம் மறந்துபோய், “கோட்டு உனக்கு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி அதன் காலரைச் சரி செய்தார்.

ரூல்ஸ் மேடம் இன்னும் போகவில்லை. தொண்டையைச் செருமினார்.

“ஒரு விஷயம். இதை எல்லாச் சின்ன லேபுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேணும். ஒரு வருஷம் ஊர் ஊராத் தங்கணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் போக முடியும். ஒருத்தர் செய்யத் தெரிஞ்சவங்க, ஒருத்தர் குறை கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்க. யாருன்னு திங்கட்கிழமை எனக்குச் சொல்லணும்.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். மாப்பிள்ளை எதற்கும் இருக்கட்டும் என்று தரையில் பதித்திருந்த டைல்ஸைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

வெளியே தெருவுக்கு வந்து வேனில் ஏறப் போகும்போது பெரியவளின் போன் அடித்தது. மிளகாய்த் தோட்டக்காரர். கிட் இல்லாமல் போன மாதம் திரும்பிப் போனவர்.

“என்னம்மா ஆச்சு, பாஸா?”

“பாஸ்ங்க. நாளைக்கு இலையைக் கொண்டு வாங்க. இனிமே திருப்பி அனுப்ப மாட்டேன்.”

“அப்பாடா. ஒரே தடவையில பாஸா?”

“இல்லைங்க. காலையில ஃபெயில் போட்டுட்டாங்க.”

“அடக் கடவுளே. எந்தப் பாவிம்மா அது?”

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சின்னவள் அடுத்த வேலைக்குக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என் தங்கச்சிங்க” என்றாள். தெருவில் போகிற நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.